சாப்பாட்டைக் கண்டால் ஏன் பயம்? உண்ணல் கோளாறுகளுக்குப் பின்னால் இருக்கும் மரபணுவும் மூளை வேதியியலும்

சாப்பாட்டு மேசையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் இருப்பதை நகத்தளவு துண்டுகளாக நறுக்குகிறாள். ஒரு துண்டை ஓரத்துக்குத் தள்ளுகிறாள், இன்னொன்றை நடுவுக்கு நகர்த்துகிறாள், பிறகு இரண்டையும் பழைய இடத்திலேயே வைக்கிறாள். முக்கால் மணி நேரம் இப்படியே போகிறது. எதிரில் இருக்கும் அம்மா முதலில் கெஞ்சினார், அப்புறம் அதட்டினார், இப்போது அழுகிறார். அப்பா எழுந்து போய்விட்டார். அவளுக்கு ஆறு மாதமாக எடை இறங்கிக்கொண்டே இருக்கிறது. “ஒரு வாய் சாப்பிடறதுல அப்படி என்னதான் கஷ்டம்?” என்று வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதிலாகப் பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாம் தவறானவை. அடம் பிடிக்கிறாள், அழகு மோகம் தலைக்கேறிவிட்டது, அம்மா வளர்த்த லட்சணம் சரியில்லை. இந்த மூன்றில் ஏதோ ஒன்று எப்படியும் வந்துவிழும். கடைசியாகச் சொன்னது மருத்துவத்துக்குள்ளேயே நூறு ஆண்டுகளுக்கு மேல் செல்வாக்கோடு இருந்தது. 1873-ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் பாரிஸில் சார்ல்ஸ் லசேக் என்ற மருத்துவரும் தனித்தனியாக இந்த நோயை விவரித்தார்கள். ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்ற பெயரை வைத்தவர் கல். நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்குக் குடும்பத்தாரும் நண்பர்களும்தான் ஆக மோசமானவர்கள் என்று எழுதியவரும் அவரே. அந்த ஒரு வரியின் நிழல் எத்தனை அம்மாக்கள் மேல் விழுந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் மரபியலும் மூளை ஆய்வும் சேர்ந்து வேறொரு பதிலைக் கொண்டுவந்திருக்கின்றன. அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு கஷ்டமாக இருப்பதற்கு அவளுடைய உடம்புக்குள்ளேயே காரணங்கள் இருக்கின்றன. அவள் பிறக்கும்போதே கொண்டுவந்தவை சில, பட்டினி கிடந்ததால் உண்டானவை சில. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அந்த மேசையில் நடப்பது புரியத் தொடங்கும்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஈட்டிங் டிஸார்டர்’ என்று மருத்துவர்கள் சொல்லும் உண்ணல் கோளாறுகளில் மூன்று அதிகம் பேசப்படுபவை. அனோரெக்ஸியாவில் ஒருவர் உணவை ஆபத்தான அளவுக்குக் குறைத்துக்கொண்டே போவார். உடல் மெலிந்தாலும் குண்டாகிவிடுவோமோ என்ற பயம் விடாது. புலிமியாவில் கட்டுப்பாடில்லாமல் ஏராளமாகச் சாப்பிடுவதும், பிறகு அதை எப்படியாவது ஈடுகட்டத் துடிப்பதும் மாறிமாறி நடக்கும். 1979-ல் ஜெரால்ட் ரஸல் என்ற மனநல மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். மூன்றாவது, அளவுமீறி உண்ணும் கோளாறு. ஈடுகட்டும் முயற்சி இதில் இருக்காது. அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் குறுகிப்போவதுதான் இதன் துயரம். மனநல மருத்துவர்களின் அமெரிக்கக் கையேட்டில் இது முழு நோயாக இடம்பிடித்தது 2013-ல்தான். மூன்றும் ஆண், பெண் இருபாலருக்கும் வரும். ஒல்லியாக இருப்பவருக்கு மட்டும்தான் வரும் என்பதும் உண்மையில்லை.

குடும்பத்தில் ஓடுகிறதா?

ஓடுகிறது. அனோரெக்ஸியா உள்ள ஒருவரின் அம்மா, சகோதரி போன்ற நெருங்கிய பெண் உறவினர்களுக்கு அதே நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 11 மடங்கு அதிகம் என்று 2000-ல் வெளிவந்த பெரிய குடும்ப ஆய்வு காட்டியது. கேட்டவுடன் பயம் வரலாம். ஆனால் அனோரெக்ஸியா அரிதாக வருகிற நோய். சின்ன எண்ணைப் பதினொன்றால் பெருக்கினாலும் விடை பெரிதாகிவிடாது. பெரும்பாலான சகோதரிகளுக்கு இந்த நோய் வருவதே இல்லை.

குடும்பத்தில் ஓடுவதாலேயே அதை மரபணு என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே குடும்பத்தில் ஒரே பேச்சு, ஒரே பழக்கம், ஒரே கவலைகள்தானே இருக்கும்? இதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இரட்டையர்களைத் தேடிப் போனார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுக்க ஒன்றே. இரு கருமுட்டை இரட்டையர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறவர்கள். வீட்டுச் சூழல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இரு வகை இரட்டையர்களிடமும் நோய் ஒரே அளவில் சேர்ந்து வர வேண்டும். அப்படி வரவில்லை. ஒரே கருமுட்டை இரட்டையர்களிடம்தான் அது கூடுதலாகச் சேர்ந்து வருகிறது. தத்துக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது.

இப்படிக் கணக்கிட்டுத்தான் அனோரெக்ஸியாவின் ‘மரபுரிமை’ 50 முதல் 60 சதவீதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்த எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகளின் நோயில் பாதி மரபணுவிலிருந்தும் பாதி வீட்டிலிருந்தும் வந்தது என்று இதற்குப் பொருளில்லை. தனி ஒருவரைப் பற்றி இந்த எண் எதுவுமே சொல்வதில்லை. ஒரு மக்கள் கூட்டத்தை எடுத்துக்கொண்டால், சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வரவில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு ஒட்டிப்போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வயிறார உணவு கிடைக்கும் ஊரில் உயர வேறுபாடு பெரும்பாலும் மரபணுவால் வருவது. பாதிப் பேர் பட்டினியில் வாடும் ஊரில் அதே உயரத்துக்குச் சாப்பாடும் பெரிய காரணமாகிவிடும். மரபணு அங்கேயும் அதேதான். எண் மட்டும் மாறிவிடும்.

சரி, எந்த மரபணு? ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து ‘இதுதான் அனோரெக்ஸியா மரபணு’ என்று காட்டும் நாளை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அப்படி ஒன்று இல்லை. நூற்றுக்கணக்கான, ஒருவேளை ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கும் சின்னஞ்சிறு மாற்றங்கள் ஒவ்வொன்றும் துளித் துளியாகச் சேர்ந்துதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. துளியைப் பார்க்க வேண்டுமானால் மிகப் பெரிய கூட்டம் வேண்டும். அதனால் 17 நாடுகளிலிருந்து அனோரெக்ஸியா உள்ள 16,992 பேரின் டிஎன்ஏவைத் திரட்டி, நோய் இல்லாத 55,525 பேரோடு ஒப்பிட்டார்கள். சிந்தியா புலிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. எட்டு இடங்கள் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தன.

எட்டு இடங்களைக் கண்டுபிடித்ததைவிட அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அனோரெக்ஸியாவின் மரபணு அமைப்பு, எண்ணச்சுழல் நோயான ஓசிடியோடும், பதற்றத்தோடும், மனச்சோர்வோடும் ஒன்றிப்போகிறது. இது எதிர்பார்த்ததே. ஆனால் கூடவே உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் அது தொடர்பு காட்டியது. இன்சுலின், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை உடல் கையாளும் விதம், ஓடியாடும் இயல்பு, இவற்றோடெல்லாம் அது பின்னிக் கிடக்கிறது. உடல் எடைக்கான மரபணு விளைவுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் வளர்சிதை மாற்றத் தொடர்பு நின்றது. அதனால்தான் இதை மனநோய் என்று மட்டும் பார்க்காமல், மனமும் வளர்சிதை மாற்றமும் சேர்ந்த நோயாகப் பார்க்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு எடை குறைந்தால் உடம்பு நம்மைப் பழைய எடைக்கு இழுத்துவரும். உணவைக் கட்டுப்படுத்திப் பார்த்த எல்லோருக்கும் அந்த இழுப்பு தெரியும். சிலருக்கு அந்த இழுப்பு சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்படியானால், எடை இறங்க இறங்க அவர்களைத் தடுக்க உள்ளிருந்து ஒரு கையும் நீளாது.

மரபணு பிறப்பிலேயே இருக்கிறது. அப்படியானால் நோய் ஏன் பெரும்பாலும் பதின்வயதில் வருகிறது? கெல்லி கிளம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் இரட்டைச் சகோதரிகளை வைத்து இதை ஆராய்ந்தார். பருவமடைதலின் மாற்றங்கள் தொடங்காத சிறுமிகளிடம் உண்ணல் கோளாற்றின் அறிகுறிகளில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம். பருவ மாற்றங்கள் தொடங்கியவர்களிடம் அது சுமார் 50 சதவீதம். பூப்பெய்தும் காலத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மரபணுக்களைத் தட்டி எழுப்புகின்றன என்பது இதற்கு அவர் தரும் விளக்கம். அதே வயதில்தான் உடல் மாறுகிறது, கேலிகள் தொடங்குகின்றன, பலர் முதல் முறையாகச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்க்கிறார்கள். ஒரு வகுப்பில் முப்பது பேர் டயட் இருந்தால் இருபத்தொன்பது பேர் சலித்துப்போய் விட்டுவிடலாம். விட முடியாமல் உள்ளே இழுக்கப்படும் அந்த ஒருவருக்கு என்ன நடக்கிறது?

பட்டினி ஏன் நிம்மதி தருகிறது?

இந்தக் கேள்விக்குள் போனால்தான் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மனசு புரியும். உண்ணல் கோளாறு உள்ளவர்களிடம் கேட்டு ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு பதற்றக் கோளாறும் இருந்தது தெரிந்தது. அவர்களில் பலருக்கு அது உண்ணல் கோளாறு வருவதற்கு முன்பே, சின்ன வயதிலேயே தொடங்கியிருந்தது. ஒரு எழுத்துப் பிழைக்காகப் பக்கத்தையே கிழித்துவிட்டுத் திரும்ப எழுதும் குழந்தை, நாளைக்கு என்ன ஆகுமோ என்று இன்றே தூங்காமல் கிடக்கும் குழந்தை. வீட்டில் ‘ரொம்பப் பொறுப்பான பிள்ளை’ என்று பெயர் வாங்கியிருக்கும்.

பதற்றம், மனநிலை, வயிறு நிறைந்த உணர்வு ஆகிய மூன்றிலும் கை வைத்திருக்கும் ஒரு வேதிப்பொருள் செரட்டோனின். ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி சொல்ல வெளிவிடும் பொருள்களில் ஒன்று அது. மூளை செரட்டோனினை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. டிரிப்டோஃபேனை நம் உடம்பால் உருவாக்க முடியாது. உணவிலிருந்து மட்டுமே வந்தாக வேண்டும். சாப்பாடு குறைந்தால் டிரிப்டோஃபேன் குறையும், அது குறைந்தால் மூளையில் செரட்டோனினும் குறையும்.

அமெரிக்க மனநல மருத்துவர் வால்டர் கேயும் அவருடைய குழுவினரும் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருளை அளந்து பார்த்தார்கள். நோயில் இருக்கும்போது அளவு குறைவு, அது புரிகிறது. ஆனால் நோயிலிருந்து மீண்டு நீண்ட காலம் நன்றாகச் சாப்பிட்டு வந்தவர்களிடம் அளவு சாதாரணத்தைவிட அதிகமாக இருந்தது. இதிலிருந்து அவர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். இவர்களின் செரட்டோனின் அமைப்பு இயல்பிலேயே முறுக்கேறியது, அதனால்தான் சின்ன வயதிலிருந்து அந்தத் தவிப்பு. முதல் முறை உணவைக் குறைக்கும்போது செரட்டோனின் இறங்குகிறது, தவிப்பும் சேர்ந்து இறங்குகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக மண்டைக்குள் அமைதி. மற்றவர்களைப் பட்டினி எரிச்சலில் தள்ள, இவர்களுக்கு அது மருந்தாகிறது. மறுபடி சாப்பிடத் தொடங்கினால் டிரிப்டோஃபேன் வருகிறது, செரட்டோனின் ஏறுகிறது, தவிப்பு இரண்டு மடங்காகத் திரும்புகிறது. அவள் ஒரு வாய் சாப்பிடப் பயப்படுவதில் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆம், இது இன்னும் ஒரு கருதுகோள்தான். நரம்பணுக்களில் செரட்டோனினின் செய்தியைப் பெறும் ஏற்பிகளும் மாறுகின்றன, வேறு வேதிப்பொருள்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் ‘சாப்பிட்டா பயமா இருக்கு, சாப்பிடாம இருந்தா நிம்மதியா இருக்கு’ என்று நோயாளிகள் வாய்விட்டுச் சொல்வதோடு இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது.

டோபமைன் இன்னொரு பாத்திரம். ஆசை, எதிர்பார்ப்பு, ‘இது வேண்டும்’ என்ற உந்துதல் ஆகியவற்றோடு தொடர்புடையது. அனோரெக்ஸியாவில் வெகுமதியை எடைபோடும் இந்த அமைப்பு வேறுமாதிரி இயங்குகிறது என்பதை மூளை ஸ்கேன்கள் காட்டுகின்றன. 2015-ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. அனோரெக்ஸியா உள்ளவர்கள் எந்த உணவைச் சாப்பிடுவது என்று தேர்ந்தெடுக்கும்போது மூளையின் மேற்புற ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதி வேலை செய்தது. அந்தப் பகுதிக்கும் பழக்கங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தொடக்கத்தில் விரும்பிச் செய்த கட்டுப்பாடு போகப்போகப் பல் துலக்குவதைப் போல யோசிக்காமலே நடக்கிற செயலாகிவிடுகிறது. அந்த நிலையில் ‘கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா’ என்று சொல்வதால் எதுவும் நடக்காது, ஏனென்றால் அங்கே யோசனையே நடப்பதில்லை.

புலிமியாவிலும் அளவுமீறி உண்ணும் கோளாறிலும் டோபமைன் வேறு விதமாகச் சிக்கவைக்கிறது. எலிகளுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பார்த்தார்கள். பழகப் பழக எந்தச் சுவையும் சலித்துவிடும், டோபமைன் வெளிப்பாடும் தணிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் பட்டினி போட்டுவிட்டு அப்புறம் சர்க்கரையைக் கொடுத்தபோது, எலிகள் பாய்ந்து குடித்தன. வாரக்கணக்கில் ஆன பிறகும் ஒவ்வொரு முறையும் முதல்நாள் போலவே டோபமைன் பொங்கியது. பட்டினியும் பெருந்தீனியும் மாறிமாறி வந்தால் சலிப்பு என்ற இயல்பான கடிவாளமே கழன்றுவிடுகிறது. காலையில் சாப்பிடாமல் ‘நேற்று சாப்பிட்டதற்குத் தண்டனை’ கொடுத்துக்கொள்பவர் இரவில் ஏன் அடக்க முடியாமல் சாப்பிடுகிறார் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. புலிமியாவுக்கான உளவியல் சிகிச்சை, வேளை தவறாமல் சாப்பிடுவதிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

ஹார்மோன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து ‘கையிருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்லும். 1999-ல் கண்டுபிடிக்கப்பட்ட கிரெலின் வயிற்றிலிருந்து சுரந்து ‘பசி’ என்று கூவும். அனோரெக்ஸியாவில் லெப்டின் மிகக் குறைவு, கிரெலின் மிக அதிகம். அதாவது உடம்பு பசியை உரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அவளுக்குப் பசியே இல்லை என்று நினைப்பது தவறு. பசியின் குரலுக்கு மேல் பயத்தின் குரல் ஒலிக்கிறது.

பட்டினி தானே ஒரு நோயை உண்டாக்குகிறது

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போருக்குப் பிறகு பட்டினியில் கிடக்கும் மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று தெரிந்துகொள்வதே நோக்கம். உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லோரும் மனசாட்சி காரணமாகப் போருக்குப் போக மறுத்தவர்கள். 24 வாரங்களுக்கு அவர்களின் உணவு குறைக்கப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள்.

அவர்கள் யாருக்கும் உண்ணல் கோளாறு கிடையாது, மெலியும் ஆசையும் கிடையாது. ஆனால் சில மாதங்களில் என்ன ஆனது தெரியுமா? உணவைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள். தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்து நேரம் போவது தெரியாமல் படித்தார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், சிரிப்பை மறந்தார்கள், கவனம் சிதறியது, சோர்வில் மூழ்கினார்கள். சோதனை முடிந்து உணவு கிடைத்த பிறகும் சிலர் வயிறு வெடிக்கும் அளவுக்குச் சாப்பிட்டு, அப்போதும் பசிக்கிறது என்றார்கள்.

மேசையில் அந்தப் பெண் செய்வதும் இதுவேதான். நகத்தளவு துண்டுகளும் முக்கால் மணி நேரமும் அவளுடைய குணமல்ல, பட்டினியில் இருக்கும் மூளையின் குணம். கடும் மெலிவில் மூளையின் சாம்பல் நிறப் பகுதி சுருங்குவதையும், எடை திரும்பும்போது அது பெரும்பாலும் பழையபடி வளர்வதையும் ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் உள்ளே இருக்கும் மனக்காயத்தை முதலில் பேசித் தீர்த்துவிட்டு அப்புறம் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசை இங்கே சரிவராது. பேசுவதற்கு முதலில் மூளைக்கு உணவு வேண்டும். ஆனால் நீண்ட பட்டினிக்குப் பிறகு வேகமாக உணவூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம்.

மாத்திரை உதவாதா என்று கேட்பார்கள். புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸெடின் உதவுகிறது, அமெரிக்காவில் 1996-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. மூளை வெளிவிட்ட செரட்டோனின் உடனே மறைந்துவிடாமல் தடுக்கும் மருந்து அது. எடை மிகவும் குறைந்த அனோரெக்ஸியா நோயாளிக்கு அதே மருந்து வேலை செய்வதில்லை. மூலப்பொருளே உள்ளே வராதபோது எதைத் தடுத்து நிறுத்துவது என்பது ஒரு விளக்கம். எடை திரும்பியவர்கள் மறுபடி விழாமல் அது காக்குமா என்று சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்விலும் பலன் தெரியவில்லை.

அனோரெக்ஸியா வந்த வளரிளம் பிள்ளைகளுக்கு இன்று நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை, லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பம் சார்ந்த சிகிச்சை. மோசமான பாதுகாவலர்கள் என்று கல் ஒதுக்கிவைத்த அதே பெற்றோரிடம்தான் இந்தச் சிகிச்சை பொறுப்பைக் கொடுக்கிறது. என்ன, எவ்வளவு, எப்போது என்பதைத் தற்காலிகமாக அவர்கள் முடிவு செய்கிறார்கள், ஒவ்வொரு வேளையும் கூடவே உட்காருகிறார்கள். குடும்பமே இந்த நோயின் முதன்மைக் காரணம் என்ற கருத்தை, உண்ணல் கோளாறுகளுக்கான சர்வதேசத் தொழில்முறை அமைப்பு 2010-ல் வெளியான நிலைப்பாட்டு அறிக்கையில் உறுதியாக மறுத்தது.

இந்தச் சிகிச்சையைத் தொடங்கும் பெற்றோருக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் சில வாரங்களில் பிள்ளை மோசமாவது போலத் தெரியும். தட்டை எறியலாம், கத்தலாம், ‘உன்னை வெறுக்கிறேன்’ என்று சொல்லலாம். சிகிச்சை தோற்கிறது என்று அங்கேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சாப்பாடு உள்ளே போகிறது, பட்டினி அடக்கிவைத்திருந்த பதற்றம் திரும்பி எழுகிறது, அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் வாதம் செய்யாமல், உணவின் நன்மைகளைப் பட்டியலிடாமல், “கஷ்டமா இருக்குன்னு தெரியும். நான் இங்கயேதான் இருக்கேன். அடுத்த வாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து போன அப்பாவும் திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்.